கொடைக்கானல் குதிரையும் பாப்பாவோட இடுப்பு எக்ஸ்ரேவும்

திருப்பூர் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பெரிய லெட்டர், அடையாளம் தெரியுற எதையும் விட்டுட்டு விஷயத்தை மட்டும் சுருக்கி சொல்றேன். அவங்க பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பாக்குறாங்க, வீட்டுக்காரர் சரக்கு ஆட்டோ ஓட்டுறார். பொண்ணுக்கு 6 வயசு. 30 வாரத்துலயே பொறந்த குழந்தை, ரெண்டு காலும் இறுக்கமா இருக்குற வகை மூளை முடக்குவாதம், டாக்டர் ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியான்னு எழுதிக் குடுத்திருக்கார். வாக்கர் பிடிச்சு வீட்லயும் ஸ்கூல்லயும் நடக்குறா, நிக்கும்போது கால் ரெண்டும் கத்திரி மாதிரி பின்னிக்குது, ராத்திரி காலை நேரா பிடிச்சு வைக்கிற ஸ்ப்ளின்ட் பட்டையைப் போடுறதுக்குள்ள அம்மாவும் பொண்ணும் சேர்ந்து அழுதுடுறாங்க. ரெண்டு வயசுல காய்ச்சல்ல ஒரே ஒரு தடவை ஃபிட்ஸ் வந்திருக்கு, அப்புறம் வரல. இடுப்புக்கு கடைசியா எக்ஸ்ரே எடுத்தது 3 வயசுல.

லீவுல கொடைக்கானல் போயிருக்காங்க, ஏரியை சுத்தி அரை மணி நேரம் பாப்பாவை குதிரையில உட்கார வச்சு கூடவே நடந்திருக்காங்க. அன்னிக்கு ராத்திரி ஸ்ப்ளின்ட் சட்டுனு ஏறிடுச்சாம், கால் அவ்வளவு இளகி இருந்துச்சாம். ஊருக்கு வந்தப்புறம் போன்ல ஒரு விளம்பர வீடியோ வந்திருக்கு, குதிரை தெரபி, 6 மாசத்துல தனியா நடை, 45,000 ரூபா பேக்கேஜ், முழுப் பணமும் முன்னாடியே கட்டணும். பேசினப்போ பிசியோவும் ஸ்ப்ளின்ட்டும் இனிமே தேவையில்லன்னு சொல்லியிருக்காங்க. கல்யாண ஊர்வலத்துக்கு குதிரை விடுறவர் ஒருத்தர் ஒரு ரவுண்டுக்கு 300 ரூபா போதும்ங்கறார், மாமா ஒருத்தர் அந்தியூர் சந்தையில ஒரு மட்டக் குதிரையே வாங்கிடலாம்ங்கறார். வீட்டுக்காரருக்கு பயம், விழுந்தா யார் பொறுப்புன்னு கேக்குறார். மாமியாருக்கு வேற கவலை, பொம்பளப் பிள்ளை கால அகட்டி குதிரை ஏறினா நாளைக்கு பிள்ளை பெத்துக்கறதுக்கு ஏதாவது ஆகிடுமோன்னு. பாப்பா மட்டும் தினமும் "குதிரை எப்பம்மா?"ன்னு கேட்டுட்டு இருக்கா.

இதுதான் லெட்டர். நான் குழந்தைங்க பிசியோதெரபிஸ்ட், 19 வருஷமா இந்த மாதிரி பிள்ளைங்களோடதான் என் நாள் போகுது, அதனால நேரா உங்களுக்கே பதில் சொல்றேன்.

நீங்க பார்த்தது நிஜம் ம்மா, மனசுக்குத் தோணினது இல்ல. குதிரை மேல கால் ரெண்டு பக்கமும் போட்டு உட்காரும்போது உள்தொடை தசை நிதானமா விரியுது, அடியில குதிரையோட உடம்பு நம்மள விட கொஞ்சம் சூடு, 38 டிகிரி செல்சியஸ் கிட்ட இருக்கும், அந்த சூடு இறுக்கத்தை இளக்குது. அதோட குதிரை நடக்கும்போது அதோட முதுகு மேல கீழ, முன்ன பின்ன, பக்கவாட்டுலன்னு மூணு விதமா அசையும், நாம நடக்கும்போது நம்ம இடுப்பு எப்படி அசையுமோ கிட்டத்தட்ட அதே மாதிரி. நிமிஷத்துக்கு சுமார் 100 அடி வைக்கும்னு வச்சுக்கங்க, 20 நிமிஷத்துல 2000 தடவை பாப்பாவோட இடுப்புக்கு ஒரு நடை அனுபவம் கிடைக்குது, ஒவ்வொரு தடவையும் சாயாம இருக்க வயிறும் முதுகும் வேலை செய்யுது. இவ்வளவு தடவை இவ்வளவு சீரா என் ரெண்டு கையால குடுக்கவே முடியாது. 2003-ல அமெரிக்காவுல மூளை முடக்குவாதம் உள்ள 15 குழந்தைங்கள வச்சு ஒரு சின்ன ஆய்வு பண்ணாங்க, பாதி பேரை 8 நிமிஷம் நடக்குற குதிரையில உட்கார வச்சாங்க, மீதி பேரை அசையாத ஒரு பீப்பாய் மேல அதே மாதிரி கால் போட்டு உட்கார வச்சாங்க. குதிரையில இருந்த பிள்ளைங்களுக்குத்தான் ரெண்டு பக்க தசையும் சமமா வேலை செய்ய ஆரம்பிச்சது, பீப்பாய்ல அது இல்ல. அதாவது விஷயம் கால் விரியுறதுல மட்டும் இல்ல, அந்த அசைவுலதான் இருக்கு.

ஆனா ஒண்ணு, அந்த இளக்கம் பெரும்பாலும் சில மணி நேரம், மிஞ்சிப்போனா ஒரு நாள். மறுநாள் ஸ்ப்ளின்ட் எப்படி ஏறுச்சுன்னு நீங்க எழுதல. பழையபடி அழுதிருப்பான்னுதான் நினைக்கிறேன்.

இப்போ அந்த 6 மாச வாக்குறுதி. இதை மென்மையா சொல்லணும்னு ரொம்ப நேரம் யோசிச்சேன், ஆனா சொல்லித்தான் ஆகணும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைங்களோட நடமாட்டத்தை 5 லெவலா பிரிக்கிற ஒரு அளவுகோல் 1997-லேர்ந்து உலகம் பூரா பயன்படுத்துறாங்க, ஜிஎம்எஃப்சிஎஸ்னு பேரு. கையில வாக்கர் பிடிச்சு நடக்குற பிள்ளை மூணாவது லெவல். கனடாவுல 657 குழந்தைங்கள வருஷக்கணக்கா கவனிச்சு 2002-ல ஒரு வளர்ச்சிக் கோடு வெளியிட்டாங்க, அதுல தெரிஞ்சது என்னன்னா பெரிய அசைவுகள்ல வர்ற முன்னேற்றம் பெரும்பாலும் 5 வயசுக்குள்ளயே வந்துடுது, அதுக்கப்புறம் கோடு கிட்டத்தட்ட சமமாயிடுது. உங்க பொண்ணுக்கு 6. அவ இனிமே எதுவும் கத்துக்க மாட்டான்னு இதுக்கு அர்த்தம் எடுத்துக்காதீங்க, நல்லா உட்காரலாம், களைப்பில்லாம இன்னும் கொஞ்ச தூரம் நடக்கலாம், வாக்கர்லேர்ந்து ஊன்றுகோலுக்கு மாறலாம், வலி இல்லாம வளரலாம், இதெல்லாம் நடக்குறதை நான் கண்ணால பார்த்திருக்கேன். ஆனா 6 மாசத்துல வாக்கரைத் தூக்கிப் போடுவான்னு எழுதிக் குடுக்குறவங்க பாப்பாவை ஒரு தடவை கூட பரிசோதிக்காம போன்லயே குடுக்குறாங்கன்னா அந்தப் பேச்சுக்கு மதிப்பு கிடையாது.

ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னும் கேட்டிருந்தீங்க. ரெண்டு பக்கமும் இருக்கு. ஆஸ்திரேலியால 99 பிள்ளைங்கள எடுத்து பாதி பேரை வாரம் ஒரு தடவை 10 வாரம் சவாரிக்கு அனுப்பினாங்க, 2009-ல முடிவு வந்தது, உடம்பு செயல்பாட்டுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. கொரியால 92 பிள்ளைங்க, வாரம் ரெண்டு தடவை, 30 நிமிஷம், 8 வாரம், 2015-ல வெளியிட்டாங்க, வீட்ல உடற்பயிற்சி மட்டும் செஞ்சவங்கள விட குதிரையில போனவங்களுக்கு அசைவுத் திறன் கூடியிருந்தது. என் அனுபவமும் இதுக்கு நடுவுலதான். உட்கார்ற பேலன்ஸ், தலையையும் முதுகையும் நேரா பிடிக்கிறது, கவட்டை இறுக்கம், இதுல பலன் தெரியும். நடை மாறுதான்னா, சில பிள்ளைக்கு கொஞ்சம், பல பிள்ளைக்கு இல்ல.

டென்மார்க்ல லிஸ் ஹார்டெல்னு ஒரு அம்மா இருந்தாங்க, 1944-ல வயித்துல பிள்ளையோட இருக்கும்போது போலியோ வந்து முழங்காலுக்கு கீழ முடங்கிப்போச்சு. அவங்க 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸ்ல குதிரையேத்தத்துல, டிரஸாஜ்ங்கற பிரிவுல, வெள்ளி வாங்கினாங்க, 1956-லயும் வெள்ளி. இந்த தெரபி உலகம் பூரா பரவினதுக்கு அவங்க ஒரு பெரிய காரணம். ஆனா குதிரையில ஏறவும் இறங்கவும் அவங்களுக்கு கடைசி வரைக்கும் ஆள் துணை வேண்டியிருந்தது, முழங்காலுக்கு கீழ செயல் திரும்பவே இல்ல. அவங்க கதையை விளம்பரத்துல போட்டு "பாருங்க, குதிரையால நடந்தாங்க"ன்னு சொல்றதை நான் பார்த்திருக்கேன், அது பொய். கால் வராமலேயே ஜெயிச்சாங்க அவங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி எக்ஸ்ரே

உங்க லெட்டர்ல எனக்கு திக்குனு இருந்த இடம் குதிரை இல்ல, அந்த "கடைசியா 3 வயசுல"ங்கற வரி. கால் பின்னிக்கிற பிள்ளைங்களுக்கு உள்தொடை தசை தொடை எலும்பை இழுத்துட்டே இருக்கும், அதனால பந்து மாதிரி இருக்குற எலும்புத் தலை கிண்ணத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா வெளியே நழுவும். ஆரம்பத்துல வலிக்கவே வலிக்காது, வெளியில தெரியவும் தெரியாது. ஆஸ்திரேலியால 323 பிள்ளைங்கள பார்த்து 2006-ல சொன்ன கணக்குப்படி உங்க பொண்ணு லெவல்ல 100-க்கு 41 பேருக்கு இந்த நழுவல் இருந்திருக்கு. ஸ்வீடன்ல 1994-லேர்ந்து இந்தப் பிள்ளைங்களுக்கு வயசு வாரியா எக்ஸ்ரே எடுத்து கண்காணிக்கிறாங்க, அங்க இடுப்பு முழுசா கழண்டு போறதே அபூர்வமாயிடுச்சு.

அதனால இந்த வாரமே எடுங்க. மல்லாக்க படுக்க வச்சு, கால் நேரா, முட்டி சிப்பி மேல பார்க்குற மாதிரி, ரெண்டு இடுப்பும் ஒரே படத்துல. எலும்பு டாக்டர்கிட்ட "மைக்ரேஷன் பர்சன்டேஜ் எவ்வளவு?"ன்னு கேளுங்க, அதாவது எலும்புத் தலையில எத்தனை சதவீதம் கிண்ணத்துக்கு வெளியே இருக்குன்னு. 30-க்கு மேலன்னா குதிரைப் பேச்சை தள்ளி வச்சுட்டு முதல்ல அதுக்கான சிகிச்சையைப் பேசணும். நழுவின இடுப்பை கால் அகட்டி உட்கார வச்சு குலுக்கினா வலி வரும், இன்னும் மோசமாகவும் வாய்ப்பு இருக்கு.

இதுல நானே ஒரு தப்பு பண்ணியிருக்கேன். தொழிலுக்கு வந்த புதுசுல 8 வயசுப் பையன் ஒருத்தனை எக்ஸ்ரே பார்க்காமலே சவாரிக்கு அனுப்பினேன், மூணாவது வாரம் குதிரையைப் பார்த்தாலே அழ ஆரம்பிச்சான், பயம்னு நினைச்சு சமாதானம் பண்ணி பண்ணி ஏத்தினோம். அப்புறம் எடுத்த படத்துல ஒரு பக்கம் பாதி வெளியே இருந்தது. அவனுக்கு அது பயம் இல்ல, வலி. அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகல, அதனாலதான் இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

ஃபிட்ஸ் பத்தி கேட்டிருந்தீங்க. சின்ன வயசுல காய்ச்சல்ல ஒரு தடவை வந்து அப்புறம் 4 வருஷம் வராம இருக்குன்னா பொதுவா அது தடையில்ல, இருந்தாலும் பாப்பாவைப் பார்க்குற டாக்டர்கிட்ட எழுத்துல ஒரு வரி வாங்கிக்கங்க. கட்டுக்குள்ள வராத ஃபிட்ஸ், முதுகு ரொம்ப வளைஞ்சிருக்குறது, எலும்பு எளிசா உடையுறது, புதுசா ஆபரேஷன் ஆனது, இவங்களுக்கு குதிரை வேண்டாம். இதைப் படிக்கிற மத்த பெற்றோருக்கும் ஒண்ணு, டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைன்னா கழுத்து மேல் ரெண்டு எலும்புக்கு நடுவுல தளர்வு இருக்கான்னு டாக்டர் பார்த்து சரின்னு சொல்லாம ஏத்தவே ஏத்தாதீங்க.

சவாரி வேற, தெரபி வேற

இதை எல்லாரும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறாங்க. ஒரு வகையில பிசியோவோ, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குற ஆக்குபேஷனல் தெரபிஸ்டோ குதிரையோட அசைவை ஒரு கருவியா பயன்படுத்துவாங்க, ஹிப்போதெரபின்னு சொல்றது அதைத்தான். பிள்ளை குதிரையை ஓட்டாது, சேணம் கூட இல்லாம ஒரு மெத்தை விரிப்புல உட்காரும், தெரபிஸ்ட் பக்கத்துலயே நடந்துட்டு குதிரையை நிறுத்து, திருப்பு, மெதுவா விடுன்னு பிள்ளையோட உடம்பைப் பார்த்து பார்த்து மாத்துவாங்க. இன்னொரு வகை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏத்த மாதிரி சவாரி சொல்லிக் குடுக்குறது, அது சவாரி மாஸ்டரோட வேலை, பிள்ளை கடிவாளம் பிடிக்கும், குதிரைகிட்ட பேசும், தன்னம்பிக்கை வரும். ரெண்டும் நல்லது. இங்கிலாந்துல 1960-கள்லயே இந்த சவாரிக்கு அமைப்பு வந்துடுச்சு. ஆனா சவாரி மாஸ்டரை வச்சுக்கிட்டு தெரபின்னு காசு வாங்குறது சரியில்ல. அதனால நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி "தெரபிஸ்ட் யாரு, என்ன படிச்சிருக்காங்க, ஒவ்வொரு செஷன்லயும் கூட இருப்பாங்களா?"

கல்யாண ஊர்வலக் குதிரை வேண்டாம். அது பேண்டு சத்தத்துக்கும் வெடிக்கும் பழகினதா இருக்கலாம், ஆனா முதுகு மேல ஒரு பிள்ளை திடீர்னு ஒரு பக்கம் சாஞ்சா, காலை விறைச்சு வயித்துல இடிச்சா, கத்தினா, அசையாம நிக்கப் பழகினது இல்ல. இந்த வேலைக்கு குதிரையை மாசக்கணக்குல பழக்கணும். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா சந்தைக்கு வர்ற குதிரைங்க ரொம்ப அழகு, நானும் போய் நின்னு பார்த்திருக்கேன், ஆனா மாமாகிட்ட அன்பா சொல்லிடுங்க, குதிரை வாங்குறது சுலபம், தீனி, லாடம், வைத்தியம், அதைப் பழக்குற ஆள்னு அப்புறம் வர்றதுதான் பெரிய செலவு. கொடைக்கானல்ல நடந்ததும் அதிர்ஷ்டவசமா நல்லபடியா முடிஞ்சது, ஹெல்மெட் இல்லாம, ஒரே ஒரு ஆள் கயிறு பிடிச்சு, தார் ரோட்டுல. மறுபடி அப்படி ஏத்தாதீங்க.

சென்டருக்குப் போய் பார்க்கும்போது

பாப்பாவை கூட்டிட்டுப் போகாம முதல் தடவை நீங்களும் வீட்டுக்காரரும் மட்டும் போங்க, வேற ஒரு பிள்ளைக்கு நடக்குற செஷனை ஓரமா நின்னு பாருங்க. குதிரையை முன்னாடி ஒருத்தர் பிடிச்சிருக்கணும், ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் பிள்ளையோட தொடை கிட்ட கை வச்சு நடக்கணும், ஆக மூணு பேர். ஹெல்மெட் குதிரை சவாரிக்குன்னே செஞ்சதா இருக்கணும், சைக்கிள் ஹெல்மெட்டோ பைக் ஹெல்மெட்டோ ஆகாது. ஏத்த ஒரு மேடை வேணும், தூக்கி எறியுற மாதிரி ஏத்தக்கூடாது. பெரியவங்க பின்னாடி உட்கார்ந்து பிள்ளையைக் கட்டிப் பிடிச்சுக்கறது பாதுகாப்பு மாதிரி தெரியும், உண்மையில ஆபத்து கூட, விழுந்தா ரெண்டு பேரும் சேர்ந்து விழுவாங்க, குதிரை முதுகுக்கும் பாரம். பிள்ளையை குதிரையோட கட்டி வைக்கிறாங்கன்னா அங்கேயே திரும்பி வந்துடுங்க. அவசரத்துல எப்படி இறக்குவீங்கன்னு கேளுங்க, செஞ்சு காட்டச் சொல்லுங்க. தரை மணலா, குதிரைக்கு முதுகுல புண் இருக்கா, காதை பின்னாடி மடக்கிக்கிட்டே இருக்கா, இதையும் பாருங்க, களைச்சுப்போன குதிரை எந்தப் பிள்ளைக்கும் நல்லதில்ல. இன்னொண்ணு, லாயம்னா டெட்டனஸ் கிருமி இருக்குற இடம், பாப்பாவுக்கு 5 வயசு பூஸ்டர் போட்டாச்சான்னு தடுப்பூசி அட்டையைப் பாருங்க.

முன்பணமும் கையெழுத்தும்

45,000-த்தை முன்கூட்டி கட்டாதீங்க. ஒழுங்கா நடத்துறவங்க முதல்ல பரிசோதிப்பாங்க, டாக்டர் லெட்டர் கேப்பாங்க, ரெண்டு மூணு செஷன் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்னு சொல்லுவாங்க. விழுந்தா நாங்க பொறுப்பில்லன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து கேப்பாங்க, வீட்டுக்காரரோட பயமே அதுதானே. அதுல கையெழுத்து போட்டதால மட்டுமே அவங்க கவனக்குறைவுக்கு அவங்க பொறுப்பு இல்லன்னு ஆகிடாது, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அதுக்கு முன்னாடி 1915-க்கு போன் பண்ணியும் கேக்கலாம். ரசீது, விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட் ரெண்டையும் பத்திரமா வைங்க.

பிசியோவை நிறுத்துறதும் ஸ்ப்ளின்ட்டை நிறுத்துறதும் வேண்டவே வேண்டாம். குதிரை குடுக்குற இளக்கத்தை தக்க வைக்கிறதே இதுங்கதான். பிசியோ செலவு தாங்கலன்னு எழுதியிருந்தீங்க, உங்க வட்டார வள மையத்துல, பிஆர்சின்னு சொல்லுவாங்க, ஸ்கூல் பிள்ளைங்களுக்கு இலவசமா பிசியோ இருக்கு, ஹெச்எம்கிட்ட கேளுங்க. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை, யூடிஐடி கார்டு, எடுக்கலன்னா எடுத்துடுங்க. மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டோட நிராமயா இன்சூரன்ஸ் மூளை முடக்குவாதத்துக்கு உண்டு, வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், தெரபி செலவும் அதுல வரும். கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விசாரிச்சா விவரம் சொல்லுவாங்க.

மாமியார்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, குதிரையில கால் போட்டு உட்கார்றதால பொம்பளப் பிள்ளைக்கு கர்ப்பப்பைக்கோ பிள்ளைப் பேறுக்கோ எந்தக் கெடுதலும் வராது. பேத்தி மேல அக்கறையாலதான் அவங்க கேக்குறாங்க, வாதாட வேண்டாம், எக்ஸ்ரேக்குப் போகும்போது அவங்களையும் கூட்டிட்டுப் போங்க, டாக்டர் வாயால கேட்டா நிம்மதியாயிடும்.

இடுப்பு நல்லா இருக்குன்னு வந்துச்சுன்னா என் யோசனை இது: ஒரு நல்ல இடம் கிடைச்சா 8 வாரம் முயற்சி பண்ணுங்க, முடிஞ்சா வாரம் ரெண்டு தடவை. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூணு விஷயத்தை நோட்டுல எழுதுங்க, கை ஊனாம எவ்வளவு நேரம் உட்கார்றா, வாக்கர்ல ஒரே மூச்சுல எத்தனை அடி, ராத்திரி ஸ்ப்ளின்ட் போட எத்தனை நிமிஷம். 8 வாரம் கழிச்சு மறுபடி எழுதுங்க. மாற்றம் இருந்தா தொடருங்க. மாற்றம் எதுவும் இல்ல, ஆனா பாப்பா அந்த நாளுக்காக காத்திருக்கான்னா, வசதி இடம் குடுத்தா, அதுக்காகவே போகலாம். மத்த பிள்ளைங்க நீச்சலுக்கும் பாட்டுக்கும் நடக்கறதுக்காகவா போகுதுங்க? உங்க பொண்ணுக்கும் பிடிச்சதுன்னு ஒண்ணு இருக்கட்டும். அவளை நடக்க வைக்கிற வேலையை அந்தக் குதிரை மேல ஏத்தாதீங்க, அவ்வளவுதான்.

எக்ஸ்ரேல இடுப்பு நல்லா இருக்குன்னு தெரிஞ்சப்புறம், நல்ல இடம் கிடைக்குற வரைக்கும் வீட்லயே அப்பா குதிரையாகலாம். உப்பு மூட்டை தூக்குறதும், கை கால் ஊனி முதுகுல ஏத்திக்கிட்டு நிதானமா நடக்குறதும், கால் விரிஞ்சு உடம்பு அசையுற அதே மாதிரி விளையாட்டுதான். ராத்திரி ஸ்ப்ளின்ட்டுக்கு முன்னாடி 10 நிமிஷம், பக்கத்துல நீங்க பிடிச்சுக்கங்க, வலிக்குதுன்னு சொன்னா உடனே இறக்கிடுங்க, எந்தக் காலுன்னு குறிச்சு வச்சு டாக்டர்கிட்ட சொல்லுங்க. வீட்டுக்காரரோட பயமும் இதுல கொஞ்சம் குறையும்னு நினைக்கிறேன்.

எக்ஸ்ரே எடுத்ததும் ரெண்டு பக்கத்தோட அந்த சதவீத நம்பரை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்க ம்மா, பணம் கட்டுறதை அதுவரைக்கும் நிறுத்தி வைங்க.